நாற்று வைத்த கதவு

இங்கிலாந்தில் பேட்லி என்ற ஊரில் அந்தக் கல்வீட்டு வரிசையில் நோரீனும் கிளைவும் குடியேறியபோது அறைக்கதவுகளில் பூச்சுக்கு மேல் பூச்சாகப் பெயிண்ட் அப்பிக் கிடந்தது. கல்யாணமான புதிது. அந்தக் கோடை முழுக்கக் கதவுகளைக் கழற்றிப் பின்முற்றத்தில் சாய்த்து, சுரண்டிச் சுரண்டி உள்ளே இருந்த பைன் மரத்தை வெளியே கொண்டுவந்தவள் நோரீன். நகக்கண்ணெல்லாம் எரிந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாக உருளைக்கிழங்கு மசிக்கிற கை அது. மசித்தது மதியத்துக்குள் தீர்ந்துவிடும். இது நான் செய்தது என்று நின்று காட்ட அவளுக்கு அந்தக் கதவுகள்தான் இருந்தன.

மகள் ஜூலி லீட்ஸில் வேலை கிடைத்துப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அவள் இருந்த சின்ன அறையைக் குளியலறையாக மாற்றியாயிற்று. அப்போதுதான் கிளைவின் அக்கா ஆவ்ரில், முப்பது வருடக் குடித்தனத்தை உதறிவிட்டு, போக்கிடம் இல்லாமல் நின்றாள்.

“கூரைக்கடியில பரண் சும்மாதானே கெடக்கு. ஒரு அறையா மாத்திட்டா அக்கா வந்து இருந்துக்குவா” என்றான் கிளைவ்.

“ஆமா, பாவம்” என்றாள் நோரீன். அந்தப் பாவம் உதட்டோடு நின்றது. ‘பள்ளிக்கூடத்துச் சமையல்காரிதான் கெடைச்சாளாடா உனக்கு?’ என்று கல்யாணத்துக்கு முன் ஆவ்ரில் தம்பியிடம் கேட்டது சுற்றிச் சுற்றி நோரீன் காதுக்கும் வந்திருந்தது.

பரண் வேலை ஆரம்பித்ததும் நகரசபைக் கட்டட ஆய்வாளர் வந்தார். படிக்கட்டில் மேலும் கீழும் நடந்தார்.

“படியைப் பாத்துத் திறக்கற கதவு எல்லாத்தையும் மாத்தணும்மா. அரை மணி நேரமாவது தீயைத் தாங்கற கதவு வேணும்.”

“இது நல்ல பழைய பைன் மரங்க.”

“நல்ல மரம்தான். நல்லாவே எரியும்.” நடுப்பலகையை விரலால் சுண்டிக் காட்டினார். அட்டைப்பெட்டி போலச் சத்தம் வந்தது. “நீங்க நடுமாடியில தூங்கறீங்க. ஏதாவதுன்னா ஜன்னல்ல தொங்கிக் குதிச்சுடலாம், கால் போனாலும் உயிர் இருக்கும். பரண்ல படுக்கறவங்களுக்கு இந்தப் படி ஒண்ணுதான் வழி. படியில புகை ஏறாம இந்தக் கதவுங்கதான் புடிச்சு நிறுத்தணும்.”

தீக்கதவுகள் வந்தன. வெள்ளையாய், மொட்டையாய், ஆளைத் தள்ளுகிற கனம். ஒவ்வொன்றிலும் ‘தீக்கதவு, சாத்தியே வைக்கவும்’ என்று ஒரு நீல வட்டத் தகடு. தானாகச் சாத்திக்கொள்ளச் சுருள்வில் வேறு. தேநீர்த் தட்டோடு நுழைந்தால் இடுப்பில் இடித்தது. ஆய்வாளர் மறுபடி வந்து பார்த்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

“ஆஸ்பத்திரியில குடியிருக்கற மாதிரி இருக்கு, கிளைவ். என் கதவைத் திருப்பி மாட்டு.”

“தச்சன்கூடச் சொன்னான், பாதி ஊர்ல அப்படித்தானாம். காகிதம் கைக்கு வந்தாச்சு, இனிமே எவன் வந்து பாக்கப் போறான்?”

ஆவ்ரில் வருவதற்கு முந்தின சனிக்கிழமை பைன் கதவுகள் பழைய இடத்துக்குத் திரும்பின. தீக்கதவுகளை வண்டியில் ஏற்றிக் கிளைவ் தான் காய்கறி போட எடுத்திருந்த வாடகைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான்.

இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கிய ஆவ்ரில் வாசலிலேயே சொன்னாள்: “எனக்காக வீட்டையே இடிச்சுப் போட்டிருக்கீங்க. தீ விதி அது இதுன்னு பெரிய பாடாமே?”

“ஆபீசர் வந்து பாத்துப் பாஸ் பண்ணிட்டார்” என்றாள் நோரீன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதைத்தான் அவள் பிறகு பலமுறை தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஆவ்ரில் சண்டைக்காரியாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். குளிப்பதற்கு முன் அனுமதி கேட்டாள். கிரீச்சிடும் படியைத் தாண்டிக் கால் வைத்தாள். அவள் நல்லவளாக ஆக ஆக நோரீனுக்குத் தூக்கம் கெட்டது. டோஸ்டர், டிவி, விளக்கு என்று படுக்கப்போகுமுன் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள். வாரம் தவறாமல் எண்ணெய்ச் சட்டியில் சிப்ஸ் பொரிப்பதை நிறுத்தினாள்.

“கெட்டில் மேலயும் சந்தேகமா உனக்கு? போலீஸ்ல புடிச்சுக் குடு” என்று கிளைவ் கிண்டலடித்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஜூலி வந்தாள். “சின்னப்பிள்ளை சோபாவுல எதுக்குச் சுருண்டு கெடக்கணும்? மேல என் கட்டில்ல படுக்கட்டும், நான் கீழ படுத்துக்கறேன்” என்றாள் ஆவ்ரில்.

“வேண்டாம், வேண்டாம்! அவ கீழயே படுக்கட்டும்” என்று நோரீன் முந்திக்கொண்டாள். சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. ஆவ்ரில் வான்கோழித் தட்டைப் பார்த்தபடி, “சரி, உன் இஷ்டம்” என்றாள்.

மார்ச்சில் ஒரு நாள், துவைத்த விரிப்புகளோடு நோரீன் பரண் அறைக்கு ஏறினாள். ஆவ்ரில் செருப்புக்கடை வேலைக்குப் போயிருந்தாள். விரிப்பைச் செருகக் குனிந்தபோது கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி தென்பட்டது. தீ விபத்தில் ஜன்னல் வழியே இறங்குவதற்கான மடக்கு ஏணி. ஒட்டிய காகிதம் கிழிபடாமல் இருந்தது.

நோரீன் பெட்டியைப் பிரித்து, கூரை ஜன்னலைத் திறந்து, கொக்கியை மாட்டி ஏணியை வெளியே விட்டாள். அது ஓடுகளின்மேல் கடகடவென்று உருண்டு, கூரையோர மழைநீர்க் குழாயைத் தாண்டி, அவளுடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. அதற்குக் கீழே வெறும் காற்று. அதற்கும் கீழே முற்றத்துக் கல்.

பக்கத்து முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தெல்மா அண்ணாந்து பார்த்தாள். “ஓடிப்போறியா, கண்ணு? ஆளு யாரு? கொஞ்சம் நெட்டையான ஆளாப் பாரு, ஏணி எட்டல!”

நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் ஆவ்ரில் வேலை முடிந்து வந்தபோது ஏணி சமையலறை மேசைமேல் கிடந்தது. அவள் கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

“கதவு விஷயம் எப்பத் தெரிஞ்சுது உனக்கு?” என்றாள் நோரீன்.

“வந்த கொஞ்ச நாள்லயே. கிளைவ் தோட்டத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போனான். நாத்து வைக்க மேசை போட்டிருக்கான், பாத்தியா? ‘தீக்கதவு, சாத்தியே வைக்கவும்’னு தகடு. அதுக்கு மேல லீக்ஸ் வெங்காய நாத்து.” வாயோரம் சிரித்தாள். “நல்லா முளைச்சிருந்துச்சு.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“வந்து ஒண்டியிருக்கற வீட்ல கதவு சரியில்லன்னு சொல்றதா? அதுவும் நீ கை எரியச் சுரண்டின கதவை. அதை நான் பெருசாவும் எடுத்துக்கல, நோரீன். ஊர்ல எல்லாரும் பண்றதுதானேன்னு விட்டுட்டேன்.” கோட்டுப் பித்தானைத் திருகினாள். “கிறிஸ்துமஸுக்கு ஜூலியை மேல படுக்க விடல நீ. அதுக்கப்புறம்தான் ஏணி வாங்கினேன்.”

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.

“மாத்தச் சொன்னது நான்தான். கிளைவ் இல்ல” என்றாள் நோரீன். பிறகு, “ஏணி பாதியிலயே நிக்குது. எட்டாது” என்றாள்.

“அப்படியா? நான் பிரிச்சே பாக்கல. கட்டிலுக்கடியில கெடந்தாத் தூக்கம் வந்துச்சு, அது போதும்னு விட்டுட்டேன்.”

மறுநாளே கிளைவ் முணுமுணுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வண்டியை எடுத்தான். நாற்றுப்பெட்டிகள் தரைக்கு இறங்கின. குளிர்கால மழையில் கதவுகள் ஊதி வளைந்திருந்தன. ஒன்றுகூடச் சட்டத்தில் பொருந்தவில்லை. புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. தச்சன் மாட்டும்போது நோரீன் கூடவே நின்று ஒவ்வொரு கதவின் சுருள்வில்லையும் இழுத்துவிட்டுப் பார்த்தாள். பைன் கதவுகள் நிலவறைக்குப் போயின. “நல்ல விலைக்குப் போகும், நோரீன்” என்றான் கிளைவ். அவள் நிலவறையைப் பூட்டிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் தேநீர்த் தட்டோடு வரும்போது கதவு அவள் இடுப்பில் இடிக்கிறது. தட்டில் தேநீர் சிந்துகிறது. “நான் புடிக்கட்டுமா?” என்று ஆவ்ரில் பாதி எழுவாள். “உக்காரு, உக்காரு. இடிக்கட்டும்” என்பாள் நோரீன்.

ஈஸ்டருக்கு ஜூலி வந்தாள். பரணில் ஆவ்ரிலின் கட்டிலில் படுத்தாள். அம்மாவே விரிப்பு மாற்றிக் கொடுத்தாள்.

ஏணிப் பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. எடுத்துப் போடு என்று நோரீன் சொன்னதில்லை, ஆவ்ரிலும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பரண் அறையைச் சுத்தம் செய்யும்போது, நோரீன் தூசி உறிஞ்சும் குழலை அந்தப் பெட்டியில் படாமல் சுற்றி ஓட்டிக்கொண்டு போகிறாள்.