கையுறை போட்டால்தான் கதை

பிரிசில்லா சிஸ்டருக்கு நல்ல கதை வருவது ஒரே ஒரு நேரத்தில்தான். இரண்டு கையிலும் கையுறை மாட்டிக்கொண்டு, யாருடைய புண்ணின் மேலாவது குனிந்திருக்கும்போது. அந்தக் கையால் பேனாவைத் தொட முடியாது. கட்டுப் போட்டு முடித்து, கை கழுவி, பேனாவைத் தேடி எடுப்பதற்குள் கதை கம்பி நீட்டியிருக்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போது ஒன்றும் வராது. வந்தாலும் இரண்டாந்தரமாக ஏதாவது வரும். அவற்றில் மூன்றைத்தான் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன. நல்ல கதையெல்லாம் பழைய பஞ்சோடு குப்பைக் கூடைக்குப் போகிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். இருக்காதா பின்னே?

2009 தீபாவளி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவள் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிக்கு கீரப்பாளையத்திலிருந்து இளவரசி தன் அம்மாவோடு வந்திருந்தாள். எட்டு வயது. கையில் பிடித்திருந்த புஸ்வாணம் வெடித்து வலது கை வெந்துபோன பெண். முதல் இரண்டு தடவை கட்டுப் பிரித்தபோது அவள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. மூன்றாம் தடவை பிரிசில்லா வாய்க்கு வந்த கதை ஒன்றைச் சொன்னாள். பெண் மூச்சுக் காட்டவில்லை. நல்ல இடமாகப் பார்த்து, "மிச்சம் அடுத்த வாட்டி" என்று நிறுத்தியும் வைத்தாள். ஆனால் அடித்துக் கொட்டிய மழையில் ஆறு நாள் அவர்களால் வர முடியவில்லை. கட்டு காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொண்டது.

டாக்டர் ராமாமிர்தம் முகத்தைச் சுளித்தார். "ஒரு மணிக்குள்ள விரல் இடுக்கெல்லாம் பிரிச்சாவணும் பிரிசில்லா. இல்லன்னா இன்னிக்கே பாண்டிக்கு அனுப்பி மயக்கம் குடுத்துதான் பண்ணணும். இதுக்கு மேல தள்ளுனா விரலோட விரல் ஒட்டிக்கும்."

மணி பன்னிரண்டு இருபது.

இளவரசி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "மொதல்ல கதை. விட்ட எடத்துலேர்ந்து."

பிரிசில்லாவுக்குக் கதை சுத்தமாக நினைவில்லை. ஏதோ ஒரு மிருகம், ஏதோ ஒரு வாசல். அவ்வளவுதான். கதவருகே போய் அம்மா கொளஞ்சியிடம் கேட்டாள்.

"நான் எங்க கேட்டேன் சிஸ்டர்? அது கத்துமேன்னு ரெண்டு காதயும் பொத்திக்கினு நின்னேன்."

சரி, சமாளிப்போம் என்று உட்கார்ந்தாள். "அந்த ஆடு இருக்குல்ல, அது..."

"ஆடா?" பெண்ணின் முகம் மாறியது. "பொய் சொல்றீங்க. இது வேற கதை."

மணிக்கட்டைப் பிடிக்கப் போனாள். வீல் என்று ஒரு அலறல். நாலு பேரைக் கூப்பிட்டு அமுக்கிப் பிடிக்கலாம்தான். அப்படிச் செய்தால் இந்தப் பெண் இனிமேல் ஆஸ்பத்திரிப் படி ஏறாது. பிரிசில்லாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"மறந்துட்டேண்டி கண்ணு. சத்தியமா."

"மறந்துட்டீங்களா? நான் ஆறு நாளா அதயே நெனச்சிக்கிட்டிருக்கேன்!" வந்த கோபத்தில் கை முன்னால் வந்து ஆடியது. "ஆடு இல்ல, எருமை!"

கை கிடைத்தது. பிரிசில்லா அதைக் கிண்ணத்தின் மேல் பிடித்து சலைன் தண்ணீரை ஊற்றினாள். "ஆமா, எருமை. ரயில்ல ஏறி..."

"ரயிலா? பெரிய லைன் போடறோம்னு தண்டவாளத்தயே புடுங்கிப் போட்டிருக்காங்க, எருமை எப்புடி ரயில்ல வரும்? பஸ்ல வந்துச்சு. காலேஜ்ல சேர."

சுண்டுவிரல் பிரிந்தது. பிரிசில்லாவுக்கு வழி பிடிபட்டுவிட்டது. ஆடு என்று சொன்னது தெரியாமல் செய்த தப்பு. இனிமேல் வருவதெல்லாம் தெரிந்தே செய்யும் தப்பு.

"காலேஜ்ல சீட்டு இல்லன்னு வெரட்டிட்டாங்க."

"குடுத்தாங்க! படிச்சுது. பரீட்ச வந்துச்சு."

அடுத்த விரலும் பிரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே இளவரசி திருத்திக்கொண்டு வந்தாள்.

"பசியில அது ஹால் டிக்கெட்ட தின்னுடுச்சு. வாசல்ல சாரு டிக்கெட் எங்கன்னு கேட்டாரு. அங்கதான் நிறுத்துனீங்க. இப்ப சொல்லுங்க."

மணி ஒன்றாக எட்டு நிமிடம். மிச்சம் இருந்தது கட்டைவிரல் இடுக்கு. இருப்பதிலேயே மோசமான இடம். பிரிசில்லா கதைக்காகக் காத்திருந்தாள். கையுறை போட்டிருக்கிறது, வந்தாக வேண்டும். வரவில்லை. வேண்டாத நேரத்தில் வந்து கொட்டும் சனியன், இன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்க்குக்குள் வேர்த்து ஊற்றியது. சின்னக் கை மெல்லப் பின்னால் இழுபட ஆரம்பித்தது.

"எனக்குத் தெரியலடி. நீயே சொல்லேன்."

இளவரசி விட்டத்தைப் பார்த்தாள். இழுபட்ட கை நின்றது.

"எங்க வூட்டு எருமை தின்னதெல்லாம் அப்பறமா திரும்ப வாய்க்கு வந்துடும் சிஸ்டர். படுத்துக்கினு மென்னுக்கிட்டே இருக்கும்."

"ஆமா."

"அப்ப ஹால் டிக்கெட்டும் வந்துடும்ல? கொஞ்சம் ஈரமா இருக்கும்."

பிரிசில்லாவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கடைசித் துணியும் கழன்று வந்தது. ஒரே ஒரு கத்தல், அதோடு சரி. ஐந்து விரலும் தனித்தனியாக நின்றன.

டாக்டர் வந்து மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். "பாண்டிக்கு வேணாம்" என்றார். கொளஞ்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் கட்டுப் போட்டு முடித்ததும் பிரிசில்லா கையுறையைக் கழற்றி எறிந்தாள். கை கழுவிய ஈரத்தோடு பேனாவுக்கு ஓடினாள். முழுக் கதையும் அப்படியே இருந்தது, ஒரு வரி தப்பவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. காகிதத்தில் 'எருமை' என்று எழுதினாள்.

வாசல் வரை போன இளவரசி திரும்பிப் பார்த்தாள்.

"எழுதி வெச்சுக்காதீங்க சிஸ்டர். அடுத்த வாட்டியும் மறந்துட்டு வாங்க."

பிரிசில்லா பேனாவை மூடினாள்.