பச்சை வலை

விவசாயிகள் அவளைக் கலர் மேடம் என்பார்கள். செயற்கைக்கோள் எடுத்த படத்தையும் மண் பரிசோதனை முடிவையும் சேர்த்துவைத்து, வயலில் எந்த இடத்துக்கு எவ்வளவு உரம் என்று நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த வரைபடத்தைப் பார்த்து டிராக்டர் தானாகவே கூட்டிக் குறைத்துத் தூவும். எதிர்க்கேள்வி கேட்காது. அதுதான் வம்பு.

அன்று காலை, மேகம் விலகியதும் புதுப் படம் வந்தது. அக்காவின் மக்காச்சோள வயல் முழுக்கப் பச்சை, வடக்கு மூலை மட்டும் சிவப்பு. சிவப்பு என்றால் அங்கே உயிருள்ள இலை இல்லை.

மண் எடுத்த அன்று மழை. இரண்டு பைகளின் மேல் எழுதியிருந்தது அழிந்துபோயிற்று. வேறு யார் வயலாக இருந்தாலும் திரும்பப் போயிருப்பாள். அக்கா வயல்தானே, நமக்குத் தெரியாததா என்று எது வடக்கு, எது தெற்கு என்பதைத் தானே முடிவு கட்டிவிட்டாள். பெரிய மகாராணி! வடக்கு மூலைக்கு இரண்டு மடங்கு யூரியா போடச் சொன்னது அந்த முடிவுதான்.

பின்னால் மேலாளர் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று படத்தை மூடினாள். திங்கட்கிழமை அவரே எல்லா வயல்களையும் பார்ப்பார். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த வயலை நம்பித்தான் அக்கா வீட்டில் இந்த வருஷம் அடுப்பு எரியும். போன் செய்தால், எல்லாம் நல்லாயிருக்கு, மாமாதான் வயலே கதியென்று கிடக்கிறார் என்றாள் அக்கா. அதைக் கேட்டதும் பயம் இன்னும் கூடியது.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வரப்பிலிருந்து பார்த்தால் பயிர் இடுப்பளவுக்குத் தளதளவென்று நின்றது. ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. உள்ளே நடந்து போனாள். வடக்கு மூலையில் அக்காவின் கணவர் திருடனைப்போலத் திடுக்கிட்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பச்சை வலை, குச்சிகளில் கட்டி விரித்திருந்தது.

"படத்துல இந்த இடம் செவப்பா தெரியுது மாமா."

அவர் முகம் செத்துப்போயிற்று. "பச்சை வலைதானேம்மா போட்டேன்? மேலேருந்து பார்த்தா பச்சையாத்தானே தெரியணும்?"

அந்தப் படம் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை, இலை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும், பிளாஸ்டிக்கை வைத்து அதை ஏமாற்ற முடியாது என்று அவள் சொன்னாள். அவர் வலையைத் தூக்கிக் காட்டினார். அவள் வரைபடத்தில் போட்ட கட்டம் அப்படியே தரையில் கருகிக் கிடந்தது.

"என் தப்பு மாமா. மண்ணுப் பை மாறிப்போச்சு."

"தூவின மறுவாரமே கருக ஆரம்பிச்சுது. உங்க மேனேஜர் படம் பார்ப்பாருன்னு நீதானே சொன்னே? உன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுமேன்னு மூடிட்டேன். உங்க அக்காவுக்கும் சொல்லலை."

கருகிய இடம் ஓர் அறை அளவுதான். வலையை அவர் ஒரு வீட்டளவுக்கு விரித்திருந்தார். சுற்றியிருந்த நல்ல பயிரும் அதனடியில் வெளுத்துச் சாய்ந்திருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். இரண்டு பேருமாக வலையைச் சுருட்டினார்கள்.

"மேனேஜர் பார்க்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஆனா மொதல்ல அக்காகிட்ட."

"நான் பேசட்டுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள். அக்காவுக்குப் போன் போட்டாள். போன் அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்துவிடக் கூடாதா என்றுகூட நினைத்தாள். அக்கா எடுத்தாள்.

"சொல்லுடி. சாப்பிட்டியா?"