சேவியர் அண்ணனின் நோட்டீஸ் கட்டு

போன வாரம் கண்டி மஹய்யாவையில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒருவர் சுவரில் மாதா கோவில் திருவிழா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். கோதுமை மா பசையின் புளித்த வாடை. எனக்குக் கை பரபரத்தது. தப்பாக நினைக்காதீர்கள், நோட்டீஸ் கிழிப்பதும் ஒரு காலத்தில் என் உத்தியோகத்தில் சேர்த்தி.

கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், வெளிநாட்டு நூல்களைத் தருவிக்கும் பிரிவில் இருந்தேன். கடையில் கிடைக்காததைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்டர்நெட் வராத நாட்கள், கடிதம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போம். அப்போதுதான் ஸ்டெல்லா மிஸ் வந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்த விரிவுரையாளர். தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததைப் பற்றிய பழைய அறிக்கை ஒன்றைப் பார்க்காமல் அவருடைய ஆய்வு முடியாது. அது இங்கிலாந்தில் ஒரு நூலகத்தில் மட்டுமே இருந்தது. பிரதி தருகிறோம், பதிலுக்கு உங்கள் ஊர்த் தமிழ் நோட்டீஸ்களை அனுப்புங்கள், அசல்தான் வேண்டும் என்று எழுதினார்கள்.

கடலை சுற்றுகிற காகிதத்துக்கு வெள்ளைக்காரன் ஆலாய்ப் பறக்கிறானே என்று சிரித்துக்கொண்டே சுவர் சுவராகத் திரிந்தேன். எல்லாம் கிழிந்து வந்தன. கடைசியில் மஹய்யாவை ஆட்கள் தங்கள் லைனில் இருந்த சேவியர் அண்ணனைக் காட்டிவிட்டார்கள். நகரசபையில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா காலத்துத் தொழிற்சங்க நோட்டீஸ்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார்.

"திரும்பி வருமா தங்கச்சி? அப்பா பேரு அச்சுல வந்தது இதுல மட்டுந்தான்."

"வரும்ண்ணே. நான் பொறுப்பு."

வராது என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு போட்டோகொப்பியாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த வாரம் மெஷின் பழுது. திருத்தும் வரை பொறுக்க எனக்கு மனமில்லை. ஸ்டெல்லா மிஸ் முன்னால் கெட்டிக்காரியாக நிற்க வேண்டுமே.

எட்டு மாதத்தில் அறிக்கை வந்தது. மிஸ் என் மேசையருகிலேயே கதிரையில் உட்கார்ந்து அழுதார். பட்டமும் கிடைத்தது.

சேவியர் அண்ணன் மார்க்கெட்டில் கண்டால் கேட்பார், "வந்துருச்சா தங்கச்சி?"

"வந்துகிட்டு இருக்குண்ணே."

பிறகு அவரைக் கண்டால் மீன் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர் செத்தும் பல வருடமாகிவிட்டது.

போன வாரம் அந்த நோட்டீஸைக் கண்ட அன்று, பஸ்ஸில் வரும்போதே போனில் அந்த நூலகத்தின் பட்டியலைத் தேடினேன். கட்டு இருக்கிறது. நேரில் போனால் மட்டும் பார்க்கலாமாம். மஹய்யாவையில் சேவியர் அண்ணனுடைய அப்பாவின் பெயர் இனி எந்தக் காகிதத்திலும் இல்லை. பட்டியலிலும் இல்லை. தந்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.