கள்ளிக்கு வார்த்த தண்ணீர்

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, சித்தி கெங்குவார்பட்டியிலிருந்து கம்பத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பீரோ, கட்டில், மிக்ஸி, பித்தளை அண்டா இவற்றோடு ஒரு கள்ளிச் செடியும் வந்தது. மற்றதெல்லாம் வேனில் பின்னால் வர, அதை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். டம்ளர் அளவில் ஒரு வெள்ளைத் தொட்டி. அதில் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சை உருண்டை, உடம்பெல்லாம் முள். காலேஜில் படிக்கும்போது கொடைக்கானலில் வாங்கியதாம்.

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "கள்ளிய வேலியில வைப்பாக, வீட்டுக்குள்ளயா வைப்பாக? முள்ளுச் செடி இருக்கிற வீட்டுல சண்டை வரும்னு சொல்லுவாக" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் சண்டை வருவதற்கு அதுவரை எந்தச் செடியின் உதவியும் தேவைப்பட்டதில்லை. சித்தி சிரித்துவிட்டுத் தன் அறை ஜன்னலில் அதை வைத்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் அந்த ஜன்னலுக்குத்தான் ஓடுவேன்.

வைகாசியில் வந்த சித்தியை ஆடி பிறந்ததும் அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். கல்யாணமான முதல் ஆடியில் பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த மாதிரி விஷயங்களில் அம்மா எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கிளம்பும்போது சித்தி என்னை அறைக்குள் கூப்பிட்டுத் தொட்டியை என் கையில் கொடுத்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, தண்ணீர் பாட்டில் மூடியால் இரண்டு மூடி. அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அதுவரை என்னை நம்பி யாரும் ஒரு முட்டையைக்கூடக் கொடுத்ததில்லை. பெருமையில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு, அந்த நாளில் இரண்டே மூடிதான் ஊற்றினேன். ஆனால் நாங்கள் திராட்சை போட்டிருக்கும் குடும்பம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் மூன்று தலைமுறையாகப் பந்தல் போட்டுப் பிழைத்தவர்கள். ஒரு செடி வாடாமல் நிற்கிறது என்றால் யாரோ தண்ணீர் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எங்கள் ஆட்களுக்கு அர்த்தம். தண்ணீர் காட்டாமல் ஒரு செடியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருக்க அவர்களால் முடியாது என்பது சித்திக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கள்ளி பத்து நாளில் நன்றாகப் பருத்தது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அது லேசாகச் சாய்ந்தது. அடியில் தொட்டால் பழுத்த பழம்போல அமுங்கியது. அப்பா வந்து பார்த்தார். கொடியைக் கவாத்து செய்த பிறகு வெட்டிய இடத்தில் பூசுவார்களே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலப் பசை, அதைக் கொண்டுவந்து சுற்றிலும் தடவினார். மறுநாள் காலையில் கள்ளி நீலமாகவும் இருந்தது, இன்னும் சாய்ந்தும் இருந்தது.

நான் அழுத அழுகை தெருவுக்கே கேட்டிருக்கும். சித்தி திரும்பி வந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டாள், இனி எதையும் என்னிடம் கொடுக்க மாட்டாள், ஒருவேளை வராமலே இருந்துவிடுவாள் என்றெல்லாம் தோன்றியது. சித்தப்பாதான் தன் செல்லில் சித்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி கோபப்படவில்லை.

"சரி அழுவாத. ரெண்டு மூடிதான ஊத்துன? நெசத்தச் சொல்லு."

"சத்தியமா ரெண்டு மூடிதான் சித்தி."

"அப்ப வேற யாரு ஊத்துனா?"

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தம்பி மனைவியிடம் அப்பா நேராகப் பேச மாட்டார். அதனால் என்னைப் பார்த்து, "நானும் தோட்டத்துக்குப் போகையில ஒரு செம்பு ஊத்துனேன்னு சொல்லு பாப்பா" என்றார். எத்தனை நாள் என்று போனுக்குள்ளிருந்து கேள்வி வந்தது. "டெய்லின்னு சொல்லு" என்றார். அடுத்தது அம்மா. அரிசி களைந்த தண்ணீர் சத்து என்று காலையில் ஒரு கிண்ணம் விட்டிருக்கிறாள். "வந்த புள்ள ஆசையா வச்சிட்டுப் போயிருக்கு, வாடுனா நல்லாவா இருக்கும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். வேலியில் வைக்க வேண்டிய செடி என்று சொன்ன அதே அம்மாதான். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. ஆனால் லோடு ஆட்டோவில் குமுளிக்கு ஒரு நடை போய்த் திரும்பும்போதெல்லாம் அவர் அந்த ஜன்னலில்தான் நின்றிருந்தார் என்பதும், கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

சித்தி போனிலேயே சிரித்தாள். மேல்பாகம் நன்றாக இருந்தால் அழுகலை வெட்டிவிட்டுக் காயவைத்து மறுபடி நடலாம் என்றாள். சித்தப்பா செல்லை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு செடியைப் பற்றி அவ்வளவு நேரம் பேச முடியும் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வந்து, "நம்ம வெட்டுனா செத்துப் போகுமாம் மதினி. அவளே வந்து பாத்தாத்தான் உண்டு" என்றார்.

"ஆடியிலயா? ஊரு வாய மூட ஒலமூடி இருக்கா?" என்றாள் அம்மா.

"செடிக்கு என்ன மதினி ஆடி, ஆவணி?"

அம்மா அசைந்துகொடுக்கவில்லை. நான்தான் தரையில் விழுந்து புரண்டேன். கள்ளி செத்தால் நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "புள்ள இந்தப் பாடு படுது, வந்துட்டுப் போகட்டுமே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். கடைசியில் அம்மா, வந்து வெட்டி வைத்துவிட்டுப் பொழுதோடு பஸ் ஏறிவிட வேண்டும் என்ற நிபந்தனையில் இறங்கி வந்தாள்.

மறுநாள் மத்தியானம் சித்தி வந்தாள். கத்தியைத் துடைத்து, அழுகல் போகும்வரை மெல்லிசாகச் சீவிச் சீவி எடுத்தாள். மிஞ்சியது ஒரு நெல்லிக்காய் அளவுதான். அதை ஒரு தட்டில் வைத்து, பத்து நாள் யாரும் தொடக் கூடாது, வெட்டிய இடம் காய்ந்ததும் மணலில் வைத்தால் வேர்விடும் என்றாள். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. சாயங்காலம் சாரல் பிடித்துக்கொண்டது. மழையில் எப்படி அனுப்புவது என்று அன்று தங்கினாள். மறுநாள் வெயில் அடித்தது, ஆனால் வெட்டிய இடம் எப்படிக் காய்கிறதென்று பார்க்க வேண்டுமே என்று சித்தப்பா சொன்னார். அதற்கு மறுநாள் என்ன காரணம் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. சித்தியோடுதான் படுப்பேன் என்று நான் அடம்பிடிக்க, அம்மா என்னைத் தரதரவென்று இழுத்து வந்து தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சித்தி மேல் ஒரு சின்ன வருத்தம்கூட இருந்தது. செடிக்காக அவ்வளவு தூரம் வந்தவள் மூன்று நாளில் அந்தத் தட்டைப் பார்த்தது இரண்டே தடவை. ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தது நான்தான். நாலாம் நாள் காலையில் அம்மா தலைநிறையப் பூ வைத்து அவளை பஸ் ஏற்றிவிட்டாள். ஆவணி பிறந்து சித்தி முறைப்படி திரும்பி வந்தபோது, கள்ளி மணலில் வேர் பிடித்து நின்றது. அந்த இடைவெளியில் அதற்கு ஒருத்தரும் தண்ணீர் ஊற்றவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் பட்ட கஷ்டங்களிலேயே அதுதான் பெரிய கஷ்டம்.

அடுத்த சித்திரையில், தார் ரோடு உருகும் வெயிலில், தேனி ஆஸ்பத்திரியில் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. புதுப்பெண்ணை ஆடியில் பிரித்து வைப்பதே பிள்ளை சித்திரை வெயிலில் பிறந்து வாடக் கூடாதென்றுதான் என்று எனக்குத் தெரிய எத்தனையோ வருஷம் ஆனது. என்னை முதல் ஆடிக்கு அழைத்துப்போக அம்மா வந்தபோது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளேதான் சொன்னாள். அன்றைக்கோ, ஆஸ்பத்திரியிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்த அம்மா, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து விரல்விட்டு மாதத்தை எண்ணினாள். எண்ணிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லடி. எல்லாம் நீ அழுத அழுகைதான்" என்றாள்.

கள்ளி பிழைத்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அதையே தெருப்பிள்ளைகளிடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.