பஸ் வாரியாக அடுக்கிய பார்சல்கள்

ஒரகடம் பக்கம் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால், நடுநிசியில் எழுப்பப்பட்டவரின் குரல்தான் உள்ளேயிருந்து வருகிறது. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள். எங்கள் திருநெல்வேலியில் அந்நேரம் தூங்குகிறவன் ஒன்று நோயாளி, இல்லையென்றால் வீட்டோடு மாப்பிள்ளை. இங்கே ஊரில் பாதி தூங்குகிறது. மறுபாதி செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குள் இருக்கிறது. இந்த இரு சாராருக்கும் பார்சல் கொடுப்பதுதான், நாற்பத்தொன்பது வயதில், வரலாறு எம்.ஏ. படித்த எனக்கு வாய்த்த உத்தியோகம்.

சேரப்பணஞ்சேரியில் அறைகளை வாடகைக்கு விடும் தனம்மாளிடம் முதல் வாரம் மரியாதையாகத்தான் கேட்டேன். "யக்கா, பார்சல் வந்திருக்கு. அவங்களக் கொஞ்சம் எழுப்பி விடுதியளா?"

"இன்னாய்யா நீ, பொழுதுக்கும் கதவ இடிச்சிகினு கீற? புள்ளைங்க ஓவர்டைமு பாத்துட்டு இப்பத்தான் கண்ண மூடிச்சிங்க. வாங்குனவனே எழுந்து வரல, உனக்கின்னா அவசரம்?"

அவசரம் எனக்குத்தான். திருநெல்வேலிக் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். "மொத தபா போறப்பவே பார்சல் கைமாறணும். அதச் செஞ்சு காட்டு, உன் லெட்டர மேல அனுப்புறேன்" என்றிருந்தார் கிடங்கு சூப்பர்வைசர் பாபு. என் பையிலோ பாதி, சாயங்காலம் அப்படியே திரும்பிக்கொண்டிருந்தது. கைபேசிச் செயலி மிகக் குறுகிய வழியை, எழுந்து வர ஆளில்லாத கதவு வரைக்கும், பிழையில்லாமல் காட்டியது.

தீர்வு சொன்னது தனம்மாள்தான், என்னைத் துரத்துகிற வேகத்தில். "மூணு மணிக்குக் கம்பெனி பஸ்ஸெல்லாம் வரும். ஸ்டாப்பாண்ட போய் நில்லு. காலைல போனவன் எறங்குவான், நைட்டுக்காரன் டீக்கு வருவான். என் வூட்ட உடு."

போய் நின்றேன். தெரு வாரியாக அடுக்கிய பார்சல்களைப் பஸ் வாரியாக மாற்றி அடுக்கினேன். எந்தப் பஸ்ஸில் யார் வருகிறார் என்று ஒரு நோட்டில் எழுதினேன். மொகலாயர் நிர்வாகம் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய கை அல்லவா. ஒரே மாதத்தில் பை காலியாகத் திரும்பியது. பஸ் ஜன்னலிலிருந்தே "பார்சல் மாமா!" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பெருமை தாங்காமல் நோட்டை பாபுவிடம் கொண்டுபோனேன். வேலையைச் சுலபமாக்கிக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்புவது, அதிகம் படித்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

"சூப்பரு அண்ணாத்த! உன்ன அனுப்பிட்டா இந்த ரூட்ட எவன் பாப்பான்? பக்கத்து ரூட்டையும் நீயே எடுத்துக்க."

"என் லெட்டர்?"

"அத்த உடுண்ணா."

பஸ் ஸ்டாப், நோட்டு, பக்கத்து ரூட்டு எல்லாவற்றையும் மனைவியிடம் போனில் சொன்னேன். "அப்பம் இனி அங்கதானா?" என்றாள். "பாப்போம்" என்றேன். என் 'பாப்போம்' அவளுக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

போன வாரம் ஸ்டாப்பில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பார்சல் என் பெயருக்கே இருந்தது. அனுப்புநர் இடத்தில் என் வீட்டு முகவரி, அவள் கையெழுத்தில். பெறுநர்: நான், கம்பெனி பஸ் ஸ்டாப், சேரப்பணஞ்சேரி. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தேன். ஊருக்கு வரும்போது உடுத்த என்று பீரோவில் விட்டுவந்த நாலு சட்டை, இரண்டு வேட்டி. தேய்த்து மடித்திருந்தாள்.

செயலி ஓடிபி கேட்டது. என் போனுக்கு வந்த எண்ணை எனக்கே வாசித்துச் சொல்லி, ஒப்படைத்தாயிற்று என்று அழுத்தினேன். முதல் முயற்சியிலேயே கைமாறிவிட்டது. பஸ் வந்து நின்றது. சட்டைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.