இருபத்தைந்து லட்சத்துக்கு ஒரு சின்னக் கார்

பழைய காருக்கு விலை சொல்கிறவனை விற்கிறவருக்கும் பிடிக்காது, வாங்குகிறவருக்கும் பிடிக்காது. வண்டிக்கு வாய் இருந்தால் அதுவும் நாலு வார்த்தை கேட்டிருக்கும்.

அருப்புக்கோட்டையில் பல வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. கல்யாணப் பந்தியில் ரசத்துக்குச் சோற்றில் குழி பண்ணிக்கொண்டிருப்பேன். பக்கத்து இலைக்காரர் செல்போனை மூக்குக்கு நேரே நீட்டி, "நம்ம வண்டி எம்புட்டுப் போகும், சும்மா பாத்துச் சொல்லுங்க" என்பார். சொன்னால் முகம் சுருங்கிவிடும். அப்புறம் மோர் வரும்வரை என்னோடு பேச மாட்டார். டாக்டர்களே, வக்கீல்களே, ஜோசியர்களே, கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று சொந்தக்காரர்களிடம் பெயர் எடுத்துத் தொலைத்தவர்களே, உங்கள் எல்லாருக்கும் இந்த வலி தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பந்தல்குடிக் காரோடு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

சரிக்குச் சரி

பந்தல்குடியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் காளிராஜ் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். போன வருஷம் அவருடைய அப்பா தவறிவிட்டார். காளிராஜ், தம்பி செந்தில், தங்கை மாரீஸ்வரி என்று மூன்று பிள்ளைகள். சொத்தைப் பிரிக்கிறார்கள். கடையும் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியும் காளிராஜுக்கு, ஊர் நிலம் செந்திலுக்கு, அம்மா நகை மாரீஸ்வரிக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது. மிச்சம் இரண்டு இருந்தன. ஒன்று, தூத்துக்குடி ரோட்டோரத்தில் ஒரு காலி மனை. இன்னொன்று, அப்பா பெயரில் வாங்கி ஷெட்டில் நிற்கிற ஜெர்மனிக்காரன் கார். மனையை அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டு லாட்ஜ் கட்டுவது, தங்கைக்குக் காரைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது. இதுதான் அவர்கள் திட்டம்.

"மனைய இருபத்தஞ்சு லட்சம்னு வச்சிருக்கோம் அண்ணாச்சி. காருக்கும் இருபத்தஞ்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா சரிக்குச் சரியாயிரும்" என்றார். அந்த ரோட்டில் அந்த மனை இன்னும் கூடவே போகும். அதை நான் கேட்கவில்லை. என் வேலை கார் மட்டும்தான். புதிதாக வாங்கும்போது நாற்பது லட்சத்தை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வயது ஏழு. பெரிய கம்பெனியின் சின்னக் கார். இன்ஜினில் டர்போ உண்டு. வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு குட்டிக் காற்றாடியைச் சுற்றவிட்டு, இன்ஜினுக்குக் கூடுதலாகக் காற்றை ஊட்டுகிற சமாச்சாரம் அது. நன்றாக இருக்கிறவரை வண்டி சீறும். கெட்டால் மாற்றுகிற செலவில் ஒரு பழைய மாருதியே வாங்கிவிடலாம். அதனால் டர்போ வண்டியில், இருக்கிறதா என்று பார்ப்பதைவிட எப்படி வைத்திருந்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். காளிராஜ் அதைவிடப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதான் டர்போ இருக்குல்ல அண்ணாச்சி, அதுக்குத் தனியா ஒரு ரெண்டு மூணு லட்சம் சேத்துப் போடுங்க."

பதம்

ஓட்டிப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது. காளிராஜைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும் முன் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். தரையோடு தரையாகப் போகிற வண்டி. நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் அதன் வயிற்றில் கையெழுத்துப் போட்டிருந்தது. அது போகட்டும். புகைக்குழாயை ஒட்டி ஒரு கட்டுக்குத் தேறுகிற மாதிரி காய்ந்த கதிர்த்தாள் சிக்கியிருந்தது. பாதி கருகியிருந்தது. தீப்பிடிக்காமல் இருந்தது இவர்கள் அப்பா செய்த புண்ணியம்.

காரணம் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தெரிந்தது. கிராமத்து ரோட்டில் குதிரைவாலியை அறுத்து அகலத்துக்கும் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி இறங்கினால் தானியம் தானாக உதிரும். அடிக்கிற கூலி மிச்சம். மாசி மாசம் முழுக்க இந்தப் பக்கம் அப்படித்தான். நான் பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். தாளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். காளிராஜைத் தெரிந்திருக்கிறது, வண்டியை அதைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னாள். "ஏன் நின்னுட்டீக, எப்பவும் போல ரெண்டு தடவ முன்னயும் பின்னயும் ஏத்தி எறக்கிட்டுப் போங்க. லாரி ஏறுனா மணி நொறுங்குது, பைக்கு ஏறுனா உதிர மாட்டேங்குது, இந்த வண்டிதான் சரியான பதம்."

ஆயில்

வேகம் எடுக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நீலமாகப் புகை வந்தது. டர்போவுக்கு எண்ணெய்தான் உயிர். கம்பெனி சொன்ன எண்ணெயை, சொன்ன நேரத்தில் மாற்ற வேண்டும். கடைசியாக எங்கே மாற்றினீர்கள் என்று கேட்டேன். மதுரைக்கு யார் போவது, கிட்டங்கியில்தான் என்றார் காளிராஜ். கிட்டங்கியில் இவர்களுடைய லாரிகளுக்காக வாங்கி வைத்த டிரம் ஒன்று இருக்கிறது. லாரிக்கு ஊற்றும்போது காருக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

எனக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம் போல இருந்தது. வண்டியை நேரே கிட்டங்கிக்கு விட்டேன். ஊற்றிய லாரி டிரைவர் அங்கேதான் நின்றார். ஏன்பா, கேட்டுச் செய்யக் கூடாதா என்றேன். அவர் வருத்தப்படவே இல்லை. "பத்து டன் லோடு இழுக்குற லாரிக்கு ஒத்துக்கிற ஆயிலு, நாலு பேர இழுக்குற இதுக்கு ஒத்துக்கிறாதாக்கும்?"

டீக்கடை விலை

மதுரையில் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது அருப்புக்கோட்டையில் டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். தறிக்கூடத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வண்டியைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். முட்டி நெஞ்சில் இடித்தது. என்ன விலைக்கு எடுத்தது என்று கேட்டார், சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார். "காலை நீட்ட முடியல, மேல மூடை கட்ட முடியல. இந்தக் காசுக்கு ஒரு மினி பஸ்ஸு வாங்கி மல்லாங்கிணறுக்கு விட்டாக்கூட டிக்கெட்டாச்சும் ஏறும்."

காராச்சேவு

நான் போட்ட கணக்கில் வண்டி பதினொரு லட்சம் தேறியது. மனசைத் தேற்றிக்கொண்டு பன்னிரண்டு சொல்லலாம். அதற்கு மேல் சொன்னால் இத்தனை வருஷம் வண்டிக்கடியில் படுத்ததற்கு அர்த்தமில்லை.

மறுநாள் தம்பி செந்தில் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு கிலோ காராச்சேவு. என் மனைவி "எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். நான் பதினொன்று என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருபத்தைந்து என்று சொன்னால் பந்தல்குடியில் இனி யார் வண்டி விற்றாலும் வாங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்களாம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். ஒங்க கூடப் பிறந்த பிள்ளைதானே தம்பி என்று கேட்டேன். அதற்கும் சிரித்தபடியேதான் பதில் சொன்னார்: "அவ கார்ல வந்து எறங்குனா நாலு பேரு மதிக்கத்தான செய்வாக அண்ணாச்சி, அதுக்கும் ஒரு வெல இருக்குல்ல."

மாவு மில்

ஒரு டிராக்டர் பார்க்கத் திருச்சுழி போன இடத்தில், மாரீஸ்வரியின் மாவு மில்லை விசாரித்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை. தலை, புருவம் எல்லாம் மாவாக நின்ற அந்தப் பெண், யார் என்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டது. மில் இருப்பது வாடகைக் கட்டடம். கட்டடக்காரர் தன் மகனுக்குக் கடை வைக்க வேண்டுமென்று சித்திரைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அப்பாவின் ரோட்டோர மனை கிடைத்தால் மெஷினை அங்கே இறக்கி, கூடவே ஒரு எண்ணெய்ச் செக்கும் போட்டுவிடலாம், லாரிக்காரர்கள் நின்று வாங்கிப் போவார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. கிடைக்காவிட்டால் மெஷினைக் கழற்றி எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

கார் விலையைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டது. "எங்கிட்டச் சொன்னீகன்னா அண்ணன் ஒங்க மேல வருத்தப்படும். அங்க வந்து சொல்லுங்க." அப்புறம் வேறு ஏதேதோ கேட்டது. டிக்கியில் எத்தனை மூடை வைக்கலாம்? ஒன்று வைத்தால் மூட முடியாது என்றேன். மழைக்கு ரோட்டில் தண்ணீர் நின்றால் போகுமா? போகாமல் இருந்தால் நல்லது என்றேன். விற்றால் இந்தப் பக்கம் யாராவது வாங்குவார்களா? மதுரைக்காரர்கள்தான் வருவார்கள், வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள் என்றேன். சல்லடையைத் தட்டிக் கவிழ்த்து வைத்தது. சின்ன வயசு முகம்; ஆனால் அந்த நேரத்தில் என்னைவிட அலுத்துப்போன மாதிரி இருந்தது. "அப்ப அதுல ஏறி உக்காந்துக்கிட்டு நான் எங்கதான் போறது அண்ணாச்சி?"

கூறு வைத்த அன்று

பந்தல்குடி வீட்டில் எல்லாரும் கூடினார்கள். நடுவில் இவர்களுடைய தாய்மாமன். அவர் சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் எதிர்ப்பேச்சு கிடையாது. பதினொன்று என்று சொல்லிவிட்டு, கூலி தந்தால் வாங்கிக்கொள்வது, தராவிட்டால் பஸ் ஏறிவிடுவது என்று முடிவு பண்ணிப் போயிருந்தேன். காபி குடித்தாகிவிட்டது. மாமன் என் பக்கம் திரும்பி, "வண்டி என்ன பெறும்?" என்றார்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் காளிராஜ் முந்திக்கொண்டார். நான் என்ன சொல்வேன் என்று தம்பி மூலமாக அவருக்குத் தெரியுமே. "இருபத்தஞ்சுக்குக் கொறையாது மாமா. ரோட்டோர மனையும் இருபத்தஞ்சு, வண்டியும் இருபத்தஞ்சு. அதுவும் டர்போ வண்டி. தங்கச்சிக்குன்னுதான் இம்புட்டு நாளும் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்." செந்தில் தலையை ஆட்டினார். சொல்லிவிட வேண்டியதுதான் என்று நிமிர்ந்தேன். அதற்குள் மாரீஸ்வரி எழுந்து நின்றது.

"அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மாமா. ரெண்டும் ஒரே வெலதான். ஆனா எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இத்தன நாளு பொத்தி வச்சவுக, வண்டிய அண்ணனே வச்சுக்கிறட்டும். எனக்கு அந்த மனை போதும்."

காளிராஜ் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். வண்டிக்குக் குறைச்சல் விலை என்று இப்போது சொன்னால் முந்தின வார்த்தை பொய்யாகும். மனைக்கு விலை கூட என்றாலும் அப்படித்தான். மாமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிக்குச் சரின்னு நீங்களே சொல்லிட்டீக, அப்புறம் என்ன மாப்ள, மனை பிள்ளைக்கு" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். பேச்சு முடிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாத வார்த்தைக்குக் கூலி எப்படிக் கேட்பது என்று பேசாமல் செருப்பைத் தேடினேன். மாரீஸ்வரி முற்றத்தில் நின்று யாருக்கோ போன் போட்டு, மெஷின் ஏற்ற வண்டி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் மனசு நிறைந்திருந்தது.

வாசல்வரை காளிராஜ் கூடவே வந்தார். ஷெட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பின்னால் யாரும் வருகிறார்களா என்றும் பார்த்துக்கொண்டு, என் காதோரமாகக் கேட்டார்: "அண்ணாச்சி, நெசமாவே அது எம்புட்டுத்தான் போகும்?"

ஒரு வண்டியின் உண்மையான விலை தெரிய அதன் அடியில் போய்ப் படுக்க வேண்டியதில்லை, விலை சொன்னவர் தலையிலேயே அதைக் கட்டிப் பார்த்தால் போதும் என்று தெரிந்துகொண்ட பிறகும், வேறு பிழைப்புத் தெரியாததால் நாளைக் காலையில் காரியாபட்டிப் பக்கம் இன்னொரு வண்டிக்கு அடியில் படுக்கப் போகிறேன்.