மருந்து பூசாத கம்பி

இது சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் விட்டுவிடுங்கள், வாதாட எனக்குத் தெம்பில்லை.

நான் வெல்டர். அன்று இரண்டு ஷிப்டு வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் பாய்லருக்குள் எந்நேரமும் இருட்டு. ஆள் நுழைய ஒரே ஓட்டை. வெளியே என் தங்கை புருஷன் காவல் நின்றார். பாய்லருக்குத் தீ போடுவது அவர் வேலை. மறுநாள் அதன் முன்னால் நிற்கப்போவதும் அவர்தான். உள்ளே விரிசல் விட்ட இணைப்பை நான் ஒழுங்காகப் பற்றவைக்காவிட்டால் தங்கையின் வாழ்க்கை போய்விடும்.

ஒரு சாண் பாக்கி. கண் எரிந்தது. கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று சாய்ந்தேன்.

சத்தம் கேட்டு விழித்தேன்.

பட்... பட்... சர்ர்... டக்.

நாங்கள் பற்றவைக்கும் கம்பியில் மேலே மருந்து பூசியிருக்கும். அது எண்ணெய்ச் சட்டிபோல ஒரே சீராகப் பொரியும். இது விட்டு விட்டு வந்தது. கம்பி ஒட்டிக்கொள்வதும், யாரோ பிடுங்குவதுமாக. அந்தக் காலத்தில் மருந்தே இல்லாத வெறுங்கம்பியில் பற்றவைப்பார்களாம். கை இம்மி விலகினாலும் பொறி அணைந்துவிடுமாம்.

இங்கே பொறியே இல்லை. சத்தம் மட்டும்.

டார்ச்சை அடித்தேன். சத்தம் நின்றது. பாக்கியிருந்த ஒரு சாணும் பற்றவைக்கப்பட்டிருந்தது.

"மாப்ள, உள்ள யாராச்சும் வந்தாங்களா?"

"என்னைத் தாண்டி யாரு வர்றது? உங்க குறட்டையும் கேட்டுச்சு, வெல்டிங்கும் கேட்டுச்சு. எப்படி மச்சான் ரெண்டையும் ஒண்ணா பண்றீங்க?"

தொட்டேன். சூடு. எங்கள் வேலை என்றால் மேலே கறுப்பு ஓடு படியும், தட்டி உதிர்க்க வேண்டும். இதில் ஓடே இல்லை. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். உப்புக்கட்டிபோலப் பிளந்தது.

அப்படியே போய்ப் படுக்கச் சொன்னது உடம்பு. தங்கை முகம் விடவில்லை. அதை முழுக்கத் தேய்த்தெடுத்து, மறுபடி ஆரம்பித்தேன்.

காதருகே மூச்சு...

களைத்த மூச்சு.

நான் திரும்பவில்லை. முடிக்கும்வரை அது போகவுமில்லை.

வெளியே வந்தேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூடி போடுமுன் வெளியிலிருந்து மூன்று தட்டு. உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்டுவார். மாப்பிள்ளை தட்டினார்.

டங்... டங்... டங்.

உள்ளிருந்து பதில் வந்தது.

டங்... டங்... டங்.

டார்ச் அடித்து இருவரும் பார்த்தோம். காலி.

"அப்ப... மூடவா மச்சான்?"

தலையாட்டினேன்.

மறுநாள் தீ போட்டார்கள். இணைப்பு தாங்கியது. அதன்பிறகுதான் ஃபோர்மேன் சொன்னார். அந்த பாய்லரை முதலில் பற்றவைத்தவன் வெறுங்கம்பியில் பற்றவைத்தானாம். முதல் தீயிலேயே இணைப்பு வெடித்தது. முன்னால் நின்று செத்தவர் அவனுடைய தங்கை புருஷன். அடக்கம் முடிந்த கையோடு, யாரிடமும் சொல்லாமல், அதைச் சரிசெய்ய உள்ளே போனான். தூங்காத உடம்பு. அங்கேயே அசந்துவிட்டான். வெளிப்பக்கம் ஒட்டுப்போட்டு முடித்தவர்கள், அவன் உள்ளே இருப்பது தெரியாமல் மூடி, தீ போட்டுவிட்டார்கள்.

"தட்டிப் பாக்குற வழக்கமே அதுக்கப்புறம்தான் வந்துச்சு" என்றார்.

நாங்கள் தட்டியபோது அவன் பதில் தட்டினான். மூடச் சொல்லித் தலையாட்டியவன் நான்.